தீவகத்தில் மிருக வைத்தியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய மேடைகளிலே பசுவின் பெருமையைப் பலரும் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நான் பேச வந்ததோ பசுவின் வயிற்றைப் பற்றி. அதற்கும் இடமளித்த சங்கத்தாருக்கு என் நன்றி உரியது.

தீவகத்திலே மிருக வைத்தியனுக்கு மேலதிகாரி கடல்தான். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி உண்டு. மோட்டார்ச் சைக்கிளிற் போய்விடலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவதானால் குறிகட்டுவானிலே வள்ளத்துக்குக் காத்து நிற்கவேண்டும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகம் எழும்பிய நாளில் அதுவும் நிச்சயமில்லை. (நெடுந்தீவுத் தரவையிலே அலையும் குதிரைகளுக்கோ வீட்டுக்காரரே இல்லை. வறட்சியிலே நீரின்றி அவை சோர்ந்து விழுந்தால் வைத்தியனுக்கு ஆள் அனுப்புவார் யார்?)

இதனால் விளைவதென்ன? சினைக்கு ஊசி போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லின நாம்பனின் விந்து, பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிருள்ள திரவ நைதரசனிலே வைத்துக் கொண்டுவரப்படுகின்றது. பசு நாம்பனுக்கு நிற்பதோ 12 முதல் 18 மணி நேரமளவுதான். காலையிற் கண்டால் அன்று பின்னேரமும், பின்னேரம் கண்டால் மறுநாட் காலையும் ஊசி போடுவது வழக்கம். கடைசி வள்ளம் போன பின்பு கத்தத் தொடங்கும் பசுவுக்கு இந்த விதியை யார் படித்துக் காட்டுவது? அந்தத் தருணம் தப்பினால் மறுபடி 21 நாட் காத்திருக்கவேண்டும். அத்தனை நாளும் தீனி செலவு; பாலும் அத்தனை நாள் பிந்தும். ஆதலால் தீவிலே வைத்தியம் பாதிக்குமேல், வைத்தியன் வந்திறங்குமுன்னரே வீட்டுக்காரர் கையில் முடிந்துவிடுகின்றது, நன்மையாகவோ தீமையாகவோ.

தீமைக்கு ஓர் உதாரணம் சொன்னாற் பெரியோர் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். பட்டிப்பொங்கலன்று அன்பு மிகுந்து பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டுகிறோம். பசுவின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிபானை. புல்லையும் வைக்கோலையும் கிழித்த பனையோலையையும் மெல்ல மெல்ல நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. சோறும் சர்க்கரையும் ஒரேயடியாக வந்து விழுந்தால், புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்களே ஓங்கிவிடும். அந்தப் புளிப்பு இரத்தத்திலும் ஏறும். மாடு அசைபோடாது, பல்லை நெறுமும், தள்ளாடிப் படுத்துவிடும். ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். அயலார் கண்ணூறு என்பார்கள். வழிபாட்டை நான் குறைகூறவில்லை. ஒரு பிடி பொங்கலை ஊட்டிவிட்டு மிகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கலியாண வீட்டிலே மிஞ்சிய சோறும் இப்படித்தான். அதைப் பொலித்தீன் பையோடு கட்டி எறிந்தால் பையும் வயிற்றுக்குள்ளே போய்ச் சேருகிறது.

வெளியிலிருந்து வந்த நோய்களையும் நாம் கண்டிருக்கிறோம். நெடுங்காலம் இலங்கையில் இல்லாதிருந்த மாட்டுக் கொள்ளைநோய், 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கெனக் கொண்டுவந்த ஆடுகளோடு மீண்டும் வந்திறங்கியது. 2011இல் அந்நோய் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2020இலோ தோற்கழலை நோய் வட மாகாணத்தில் தலைகாட்டியது. அதைக் கடிக்கும் ஈயும் நுளம்பும் பரப்பும். விலைக்கு வாங்கி ஏற்றிவரும் மாடும் பரப்பும். வள்ளத்தில் வந்த புது மாட்டை நாலு வாரம் புறம்பாகக் கட்டிவைத்தால் என்ன? 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகள் மடிந்தபோது, தொற்றுநோயோ என்று பலர் அஞ்சினர். குளிரே காரணமென்று பரிசோதனையிலே கண்டார்கள். தரவையிலே மேய்ந்து நனையும் மாட்டுக்குக் காற்று வரும் பக்கம் ஒரு கிடுகு மறைப்பாவது வேண்டும்.

இனி, மாட்டைவிட மனிதருக்கே ஆபத்தான ஒரு விஷயம். பசு விழுங்கமுடியாமல் நிற்கிறது. வாயால் எச்சில் ஒழுகுகிறது. அடைத்த குரலிற் கத்துகிறது. பனம்பழக் காலமானால், "பனங்கொட்டை சிக்கிவிட்டது" என்று வீட்டுக்காரர் தொண்டைக்குள் கையை விடுகிறார். பனங்கொட்டையாகவும் இருக்கலாம். விசர்நாய் கடித்த மாடாகவும் இருக்கலாம்! அந்த எச்சில் கையிலுள்ள சிறு கீறலிற் பட்டாலும் போதும். நோய் வெளிப்பட்ட பின்பு மனிதருக்கு மருந்து இல்லை. கையை விடாதீர்கள். விட்டவர் எவராயினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊசி போட்டுக்கொள்ளாத நாயை வீட்டில் வைத்துக்கொண்டு பசுவை நொந்து பயனில்லை.

வாலிபர்களுக்கு ஒரு சொல். இலங்கையிலே மிருக வைத்தியப் பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றிலேதான் உண்டு. தீவகத்துப் பிள்ளைகள் அங்கே போகவேண்டும். சோளகத்தையும் தரவையையும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அதுவரையில் என் வேண்டுகோள் சிறிது. இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. "மாடு சுகமில்லை, கெதியாய் வாருங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். அசைபோடுகிறதா, சாணம் எப்படி, எச்சில் ஒழுகுகிறதா, நேற்று என்ன தின்றது என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்த மருந்தை எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறுவதென்று நான் குறிகட்டுவானிலேயே தீர்மானித்துக்கொள்வேன்.