விமானியின் ஓய்வு வயதும் துறைமுகத் தொழிலாளியும்

(வல்லார்பாடத்தில் துறைமுகத் தொழிலாளர்களும் சரக்குப் பெட்டக லாரி ஓட்டுநர்களும் பங்கேற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



கொச்சித் துறைமுகத்தில் 'பைலட்' என்றால், வெளிக்கடலில் நிற்கும் கப்பலில் ஏறி, முகத்துவாரம் வழியாக அதை வல்லார்பாடம் முனையம் வரை கொண்டுவந்து சேர்ப்பவர். நெடும்பாசேரியில் அதே சொல் விமானியைக் குறிக்கிறது. அந்த விமானி எத்தனை வயது வரை பறக்கலாம் என்பது இன்று உலகெங்கும் விமானிகள் சங்கங்களில் சூடான விவாதமாக இருக்கிறது. பெருஞ்சம்பளம் வாங்குவோரின் பிரச்சினை துறைமுகத் தொழிலாளிக்கு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடை இந்த விவாதத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இரு விமானிகள் சேர்ந்து இயக்கும் பன்னாட்டு விமானச் சேவைகளில் வயது வரம்பு 2006ஆம் ஆண்டு 65 ஆக்கப்பட்டது. அதை 67 ஆக்க வேண்டுமென 2025இல் விமான நிறுவனங்களின் உலக அமைப்பு கோரியது. விமானிகள் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு எதிர்த்தது. மாண்ட்ரியலில் கூடிய சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவை அதை ஏற்கவில்லை. ஆயினும் முதலாளிகள் அக்கோரிக்கையைக் கைவிடவில்லை.

வயதை நிர்ணயித்தது யார்?

60 வயது வரம்பு அமெரிக்காவில் 1960இல் நடைமுறைக்கு வந்தது. காரணமாகக் கூறப்பட்டது பயணிகளின் பாதுகாப்பு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைவர் கெசாடாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மூத்த விமானிகளை 60 வயதில் வெளியேற்றும் முயற்சியில் அவருடைய நிறுவனம் சங்கத்துடன் மோதிக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்திடம் பெற முடியாததை அரசின் விதி பெற்றுத் தந்தது.

அன்று சங்கம் அவ்விதியை எதிர்த்தது. பின்னர் பல ஆண்டுகள் ஆதரித்தது. 2007இல் மீண்டும் நிலைபாட்டை மாற்றி 65க்கு இசைந்தது. இன்று 67ஐ எதிர்க்கிறது. இதைத் தடுமாற்றம் என்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் 2007க்கு முன் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2005இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் திவால் சட்டத்தின் நிழலில் தன் ஊழியரின் ஓய்வூதியத் திட்டங்களைக் கைகழுவியது. எதிர்பார்த்திருந்த ஓய்வூதியத்தில் பெரும்பகுதியை இழந்த மூத்த விமானிகள் இன்னும் சில ஆண்டுகள் பறக்க விரும்பினார்கள். அவர்களை விமானி அறையிலேயே இருத்தியது ஆகாயத்தின் மீதுள்ள ஆசை அல்ல, ஓய்வூதியப் பறிப்பு.

ஒரே மாதம், ஒரே நிறுவனம்

இந்தியாவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவின் கைக்குப் போனது. அவ்வாண்டு ஜூன் மாதம் விமானப் பணிக்குழுவினர், எழுத்தர் முதலிய பிரிவினருக்கு விருப்ப ஓய்வுக்கான வயது 55இலிருந்து 40 ஆகக் குறைக்கப்பட்டது. அதே மாதம், ஓய்வு பெறும் விமானிகளுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தப் பணி வழங்க நிர்வாகம் முன்வந்தது. 40 வயது எழுத்தர் வீட்டுக்குப் போகலாம். ஓய்வுபெற்ற விமானி திரும்பி வரலாம்! 2025இல் அங்கே விமானிகளின் ஓய்வு வயது 58இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டது. முதுமையும் இளமையும் உடலின் கணக்கு அல்ல, இலாபத்தின் கணக்கு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விமானிகள் தட்டுப்பாடு என்கிறார்கள். பெருந்தொகை கடன் வாங்கிப் பயிற்சி முடித்து, உரிமத்தோடு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நாட்டில் ஏராளம். தட்டுப்பாடு தலைமை விமானிகளுக்குத்தான். துணை விமானியைத் தலைமை விமானியாக்க நிறுவனம் ஆட்களைச் சேர்க்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், பணம் செலவிட வேண்டும். இருப்பவரிடமே கூடுதல் ஆண்டுகளையும் கூடுதல் இரவுகளையும் பிழிந்தெடுப்பது அதைவிட மலிவு.

வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய புதிய விதிகளின் கதியும் இதுவே. 2025 நவம்பரில் இரண்டாம் கட்டம் அமலானது. போதிய விமானிகளைச் சேர்க்காத இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் டிசம்பரில் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அரசோ அந்நிறுவனத்திற்கு விதிகளைத் தளர்த்தியது. பயணிகளின் தவிப்பைக் காட்டி விமானிகளின் ஓய்வு பறிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் விபத்துக்குள்ளான இரயிலின் தொழிலாளர்கள் லண்டன் விசாரணையில், எட்டு மணி நேரமாக இருந்த தங்கள் வேலை 14, 18, 20 மணி நேரமாக நீண்டதைச் சொன்னதை மார்க்ஸ் 'மூலதன'த்தில் பதிவு செய்திருக்கிறார். இரயில் விமானமாக மாறியிருக்கிறது, வாதம் மாறவில்லை.

மூத்தவரும் இளையவரும்

சங்கத்துக்குள் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. உடல்தகுதித் தேர்வில் தேறும் ஒருவரை வயதைக் காட்டி வெளியேற்றுவது ஏன் என்கிறார் மூத்தவர். அவர் இருக்கையில் நீடித்தால் தன் பதவி உயர்வு தள்ளிப்போகிறது என்கிறார் இளையவர். இந்தப் பிளவு முதலாளிக்கு முதலீடில்லாத வரவு.

கேரளமும் இதைக் கண்டது. 2022 அக்டோபர் இறுதியில் பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக்கி இடது ஜனநாயக முன்னணி அரசு ஆணையிட்டது. எதிர்க்கட்சி இளைஞர் அமைப்புகள் மட்டுமன்றி, ஜனநாயக வாலிபர் சங்கமும் இளைஞர் பெருமன்றமும் எதிர்த்தன. சில நாட்களில் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் ஆணை நின்றதனால் மட்டும் இளைஞருக்கு வேலை கிடைத்துவிடாது. காலியிடங்களை நிரந்தரப் பணியால் நிரப்பும் போராட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மட்டாஞ்சேரியின் பாடம்

காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரி. சாப்பா முறை அங்கே நிலவியபோது துறைமுகத் தொழிலாளிக்கு ஓய்வு வயதே கிடையாது. வீசியெறியப்படும் உலோக வில்லையை முண்டியடித்துப் பிடிக்க உடலில் வலுவிருக்கும் வரை வேலை. வலு போன நாளே ஓய்வு. தந்தையும் மகனும் ஒரே வில்லைக்குப் போட்டியிட வேண்டிய முறை அது. 1953 செப்டம்பர் 15 அன்று அதை எதிர்த்துப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தந்தைக்கா மகனுக்கா என்று அவர்கள் கேட்கவில்லை. வில்லையே கூடாது என்றார்கள். பதிவேடும் முறைப்பணியும் சேமநிதியும் அத்தகைய போராட்டங்களால் வந்தவை.

2011இல் திறக்கப்பட்ட இந்த முனையத்தின் வாயிலில் வரிசையில் நிற்கும் ஒப்பந்த ஓட்டுநருக்கு ஓய்வூதியம் ஏது? ஓய்வு வயதுதான் ஏது? விமானிக்கு வயதை நீட்டுவதும் ஓட்டுநருக்கு வயதே இல்லாமல் செய்வதும் ஒரே மூலதனம்தான்.

ஆகவே 65ஆ 67ஆ என்ற கேள்விக்குள் சங்கங்கள் சிறைப்பட வேண்டியதில்லை. உழைத்து முடித்தவருக்கு உறுதியான ஓய்வூதியம், உழைப்பவருக்குச் சலுகையற்ற ஓய்வு நேரம், காத்திருப்பவருக்கு நிரந்தர வேலை: இம்மூன்றும் ஒரே கோரிக்கை. மூத்தவரும் இளையவரும் ஒரே சங்கத்தில், ஒரே கொடியின் கீழ் நின்றால்தான் அதை வெல்ல முடியும்.