படத்துக்கு முன் பிறந்த இசை

தொடர்பாடல் படித்தவர்கள் அமர்ந்திருக்கும் திருகோணமலைச் சபையில் திரைப்படப் பின்னணி இசை பற்றிப் பேசலாம் என நினைக்கிறேன். பின்னணி இசை காட்சிக்கு ஒத்து ஊத வேண்டும் என்பதே பொதுவான எண்ணம்: அழுகைக்கு வயலின், சண்டைக்கு முரசு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்சி சொல்லிவிட்டதையே திருப்பிச் சொல்ல ஐம்பது வயலின்கள் எதற்கு? காட்சி விட்டுவைத்ததைச் சொல்லும்போதுதான் இசை கதை சொல்கிறது.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1988இல் தந்த படம் 'வீடு'. அதில் பாட்டே இல்லை. பின்னணிக்கு அவர் எடுத்துக்கொண்டது, இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை. தியாகராஜருக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசை மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட, வி. எஸ். நரசிம்மனின் வயலின் முன்னிற்கும் இசை அது. எந்தப் படத்தையும் மனதில் வைத்து எழுதியதல்ல. கதையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் கடன்பட்டு வீடு கட்டுகிறாள். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவளுடைய தாத்தா (நடிகர் சொக்கலிங்க பாகவதர்) தனியே வருகிறார். அறை அறையாக நடக்கிறார். வசனம் கிடையாது. கண்ணுக்குத் தெரிவது பூசாத சுவரும் ஒரு கிழவரும்தான். பாக்கின் வழியில் ஒரு குரல் முடியுமுன்னே மற்றொன்று அதைப் பற்றிக்கொண்டு மேலே போகும். அந்த இசையைக் கேட்ட காதுக்கு, தாத்தா பார்த்து முடிக்காததைப் பேத்தி சுமக்கப் போகிறாள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பும் வழியில் அவர் இறந்துபோகிறார்.

இது இயக்குநரின் செவித்திறன்தானே, இசையமைப்பாளருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பாதி நியாயம். மறுபாதிக்கு 'ஹே ராம்' (2000) இருக்கிறது. முதலில் இசையமைத்த எல். சுப்ரமணியம் விலகியபின் வந்த இளையராஜா, ஏற்கெனவே படமாகியிருந்த பாடல் காட்சிகளின் உதட்டசைவுக்கே புது மெட்டுகள் போட்டார். புடாபெஸ்ட் இசைக்குழுவை வாசிக்க வைத்தார். அங்கே இசை முந்தியது, இங்கே படம் முந்தியது. எது முந்தினாலும் ஒன்று மற்றொன்றின் நகலாகவில்லை. இந்த உழைப்பை அங்கீகரிக்க நாம் அவசரப்படவும் இல்லை. இந்தியத் தேசிய விருதுகளில் பின்னணி இசைக்குத் தனி விருது 1994ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஒருமுறை தரப்பட்டு நின்றுபோனது; மீண்டும் வந்தது 2009ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். அந்த ஆண்டு விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்கே; அவருடைய முதற்படம் 'அன்னக்கிளி' வந்து அதற்குள் 33 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இசை நம் உணர்ச்சியைக் கட்டாயப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. நம் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தால் மறுக்க முடியாது. நடிகைக்குக் கண் கலங்குமுன்னே வயலின் கதறிவிடுகிறது. ஆனால் அது வாத்தியங்களின் குற்றமல்ல, மௌனத்துக்கு அஞ்சுகிறவர்களின் குற்றம். எங்கே நிறுத்துவது என்பதையும் இசையமைப்பாளர்தான் எழுத வேண்டும்.

காசுக்கு எங்கே போவது என்று உங்களில் குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் கேட்பீர்கள். 'வீடு' பெரிய முதலீட்டுப் படமல்ல. ஏற்கெனவே வெளிவந்த இசையை வைத்தே நின்றது. கோணேசர் மலையடியிலோ துறைமுகத்திலோ கமெராவை வைக்குமுன், அந்தக் காட்சி எதைச் சொல்லாமல் விடப்போகிறது என்று எழுதிப் பாருங்கள். ஒற்றை வயலின் போதுமா, முழு இசைக்குழு வேண்டுமா என்பது அதில் தெரிந்துவிடும். பிறர் இசையை எடுப்பதானால் முதலில் அனுமதி வாங்குங்கள்.