போன உயிர் திரும்புமா?



எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். "பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கிட்டே போய் மரண தண்டனை வேண்டாம்னு சொல்வீங்களா?" அந்தத் தாயின் கண்ணீருக்கு நானும் தலைவணங்குகிறேன். கொலைகாரனை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க உள்ளே வையுங்கள். ஆனால், தூக்கிலே தொங்குகிறவன்தான் கொன்றவன் என்று உங்களுக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்?

லண்டனிலே டிமோதி இவான்ஸ் என்று ஒருவர். வேன் ஓட்டிப் பிழைத்தவர். எழுதப் படிக்கச் சரியா வராது. 1949இல் அவர் மனைவியும் கைக்குழந்தையும் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார்கள். போலீசிலே 'நான்தான் கொன்றேன்' என்று வாக்குமூலம் கொடுத்தார். கோர்ட்டிலே, 'நானில்லை, கீழ்வீட்டு கிறிஸ்டிதான்' என்றார். யார் நம்புவது? அந்த கிறிஸ்டிதான் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி! குழந்தையைக் கொன்றதாக 1950 மார்ச்சில் இவான்ஸைத் தூக்கிலிட்டார்கள்.

1953இல் அதே வீட்டிலே, சமையலறைச் சுவருக்குப் பின்னால் பெண்களின் பிணங்கள்! பிடிபட்ட கிறிஸ்டி, இவான்ஸின் மனைவியைக் கொன்றதும் தானே என்று ஒப்புக்கொண்டான்.

இப்போ எதிரணியைக் கேட்கிறேன். இவான்ஸ் தொங்கியதும் வழக்கு முடிஞ்சுது, தேடலும் நின்னுது. அதற்குப் பிறகு கிறிஸ்டி தன் மனைவியோடு சேர்த்து நான்கு பெண்களைக் கொன்றான். அவர்களைப் பெற்ற தாய்மாருக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க? (கைதட்டல்)

பத்து மார்க் குறைஞ்சா எங்கள் பல்கலைக்கழகத்திலே மறுமதிப்பீடு கேட்கலாம். சுடுகாட்டிலிருந்து அப்பீல் போட முடியுமாங்க? 1966இல் இவான்ஸுக்கு அரச மன்னிப்பு வந்தது. வாங்கிக்க ஆளில்லை!

அவரைத் தூக்கிலிட அனுமதித்த உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், பின்னாளில் தூக்கையே ஒழிக்கணும்னு போராடினார். 1965இல் பிரிட்டன் கொலைக்குத் தூக்கை ஐந்தாண்டுக்கு நிறுத்தியது. 1969இல் அதை நிரந்தரமாக்கியது.

நம் உச்ச நீதிமன்றம் 1980இல் 'அரிதினும் அரிதான' வழக்குக்கு மட்டுமே தூக்கு என்றது. வழக்கு அரிதாகலாம், சாட்சியும் நீதிபதியும் மனுஷங்கதானே?

மதுரையிலே சரியா விசாரிக்காமல் கோவலனை வெட்டினார்கள். தவறு தெரிந்ததும் பாண்டியன் தன் உயிரையே விட்டான். அதைவிடப் பெரிய பரிகாரம் உண்டா? ஆனாலும், கண்ணகிக்குக் கணவன் திரும்பக் கிடைத்தானா?

திருப்பிக் கொடுக்க முடியாததை எடுக்காதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன்.