எயார் ரைபிள் வாங்குமுன் நாலு கேள்வி

(பதுளை மாவட்டத் தோட்டக் கிளையொன்றின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது ஒரு அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "டீச்சர், சம்பளத்தைப் பத்தித்தான் எப்பவும் பேசுறீங்க. எங்க போஞ்சியைக் குரங்கு திங்கிறதைப் பத்தியும் ஒரு நாள் பேசுங்க. மகன் எயார் ரைபிள் வாங்கணும்னு நிக்கிறான். எது வாங்கினா நல்லது, காசு எவ்வளவு போகும், ஒன்னும் தெரியல" என்றார். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

இது சின்ன விஷயம் அல்ல. லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு, சோளம் போடாத குடும்பம் நம்மில் குறைவு. சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் போய்விடும். பிள்ளையின் கொப்பி, சப்பாத்து, டியூஷன் காசு எல்லாம் அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் வருகிறது. மூன்று மாதம் பாடுபட்டதைக் குரங்குக் கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போகிறது. நாடு முழுக்க இதே கதைதான். அதனால்தான் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் கணக்கெடுப்பு நடத்தியது. விவசாயிகளுக்கு எயார் ரைபிள் கொடுக்கும் பேச்சும் செய்திகளில் அடிபட்டது. கடைக்காரர்களுக்கும் அது காதில் விழுந்திருக்கிறது.

துவக்கு என்றால் நம் சனத்துக்கு முல்லோயா கோவிந்தனும் டெவன் சிவனு இலட்சுமணனும்தான் ஞாபகம் வரும். 1940இலும் 1977இலும் துவக்கு நம்மைப் பார்த்துத்தான் திரும்பியது. இப்போது முதல் தடவையாக நாமே ஒன்றை வாங்கி லயத்துக்குள் கொண்டுவர யோசிக்கிறோம். வாங்காதே என்று சொல்ல நான் வரவில்லை. வாங்குமுன் நாலு கேள்வி கேளுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

முதல் கேள்வி: எந்த மிருகத்துக்கு?

எயார் ரைபிளில் வெடிமருந்து இல்லை. அமுக்கிய காற்றுத்தான் சின்ன ஈய ரவையைத் தள்ளுகிறது. பழகாத கை குறி தவறாமல் அடிக்கக்கூடிய தூரம் இருபது, முப்பது மீற்றர்தான். குரங்கை விரட்ட அது கொஞ்சம் உதவலாம். ஆனால் அதன் சத்தம் சின்னது. பட்டாசு போடும் சத்தத்துக்கு ஓடுகிற கூட்டம் இதற்கு ஓடாது. மேலே பட்ட குரங்கும் அநேகமாக அங்கேயே சாகாது. ரவையைச் சுமந்துகொண்டு போய் நாள் கணக்கில் புழுத்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். காலடியில், மண்ணில், பக்கத்துக் கட்டையில் அடித்துக் கூட்டத்தைக் கலைப்பதற்கு மேல் நினைக்காதீர்கள்.

காட்டுப்பன்றிக்கு இது ஒன்றும் செய்யாது. தடித்த தோல். காயப்பட்டால் ஆள்மேல் பாயும். அது வருவதும் இரவில். இருட்டில் லயத்துக்குப் பக்கத்தில் ரைபிள் நீட்டுவது கொலைக்குச் சமம். முள்ளம்பன்றியும் இரவில்தான் வரும். ஆகவே ஒரு மாதம் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: எந்த மிருகம், எத்தனை மணிக்கு, எந்தப் பாத்தி, எவ்வளவு போச்சு. கொப்பி இல்லாவிட்டால் என்னிடம் கேளுங்கள், தருகிறேன். நட்டத்தில் பாதிக்கு மேல் பன்றியால் என்று கொப்பி சொன்னால், ரைபிளுக்குப் போகும் காசு வேலிக்குப் போகட்டும்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரைபிளுக்குக் காசில்லை என்று கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, பழத்துக்குள் வெடி என்று இறங்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் மாட்டியது பன்றியல்ல, கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனது. சுருக்குக்குச் சிறுத்தையும் தெரியாது, விறகுக்குப் போகும் நம் பிள்ளையின் காலும் தெரியாது. வழக்கு வந்தால் கூண்டில் நிற்பது நாம்தான்.

இரண்டாம் கேள்வி: எந்தக் காகிதம்?

இந்த நாட்டில் துவக்குகளுக்கென்று 1916இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வனவிலங்குகளுக்கென்று 1937இலிருந்து இன்னொரு சட்டம் இருக்கிறது. "எயார் ரைபிள்தானே, லைசன் ஒன்னும் தேவையில்ல" என்று கடைக்காரர் சொல்வதைச் சட்டமாக எடுக்காதீர்கள். கடைக்காரர் நமக்காக நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை. காசு கட்டுமுன் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். எந்த வகைக்கு என்ன அனுமதி வேண்டும், யார் பெயரில் வேண்டும், எங்கே பாவிக்கலாம் என்று கேளுங்கள். எந்த மிருகத்தை விரட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள். முடிந்தால் கடிதமாகக் கொடுத்துப் பதிலையும் கடிதமாக வாங்குங்கள். சிங்களத்தில் எழுத வேண்டுமென்றால் சங்கக் காரியாலயத்தில் எழுதித் தருவோம்.

நாம் நிற்கும் காணி தோட்டத்துடையது. அதனால் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவித்து வையுங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால், "தெரியாமல் துவக்கு வைத்திருந்தான்" என்று விசாரணைக் கடிதம் வரக்கூடாது. அதைச் சாட்டி வேலையைப் பறித்தால், நாங்கள் வந்து பேசுவதற்கும் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். பில்லில் உங்கள் பெயரும் ரைபிளின் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் பழையது யாராவது மலிவாகத் தந்தால், அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

மூன்றாம் கேள்வி: எத்தனை நாள் சம்பளம்?

விலையை ரூபாவில் கேட்காதீர்கள், நாளில் கேளுங்கள். 2024இல் நம் நாட்சம்பளம் 1350 என்று வர்த்தமானியில் வந்தது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை 1550, வருகைக்கு 200 என்று அறிவித்தார்கள். 1550இல் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 124 ரூபா கழியும். வருகைக் காசையும் சேர்த்தால் கையில் 1626. ஒரு கணக்குக்கு ரைபிள் அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள், 37 நாள். சங்கச் சந்தாவைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்! 37 நாள் கொழுந்து எடுத்த காசு அது. கொப்பியில் எழுதிய நட்டம் அதற்கு மேலே இருந்தால் யோசிக்கலாம். கீழே இருந்தால் வேண்டாம். கிழமைக் கடனிலோ தோட்டை அடகு வைத்தோ வாங்கவே வேண்டாம்.

என் தம்பி அப்படித்தான் வாங்கினான். அம்மாவின் தோட்டை அடகு வைத்து, பார்க்க அழகான, தொலைநோக்கி பூட்டிய ஒரு பழைய ரைபிள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது முன்கூட்டியே சிலிண்டரில் காற்று நிரப்பி அடிக்கும் வகை என்று. அதற்கு உயர் அமுக்கப் பம்ப் வேண்டும். சைக்கிள் பம்ப் உதவாது. அந்தப் பம்ப் வாங்க இன்னொரு தோடு வேண்டும்! ரைபிள் மூலையில் நின்றது. குரங்கு இஸ்தோப்புவரை வந்துபோனது. தோட்டை மீட்க ஒன்பது மாதம் போனது.

அதனால் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இப்படி வாங்குங்கள். குழலை மடித்து ஸ்பிரிங்கை இழுத்து அடிக்கும் சாதாரண வகை போதும். ஒரு தடவை மடித்தால் ஒரு ரவை. பம்ப் வேண்டாம், காஸ் குப்பி வேண்டாம். காஸ் குப்பியில் ஓடும் வகை வாங்கும்போது மலிவு, பிறகு ஒவ்வொரு குப்பிக்கும் காசு. அளவில் 4.5 மில்லிமீற்றர் எடுங்கள். 5.5இன் ரவை பாரம் கூடியது, விலையும் கூடியது. விரட்டும் வேலைக்கு 4.5 போதும். தொலைநோக்கி வேண்டாம். ஸ்பிரிங் அடிக்கும் உதறலில் மலிவான தொலைநோக்கியின் குறி மாறிவிடும். இரும்புக் குறியே பழகுவதற்கு நல்லது.

கடையில் கூச்சப்படாமல் சோதியுங்கள். குழலை நீங்களே மடித்துப் பாருங்கள். முழுப் பலமும் போட்டுத்தான் மடிய வேண்டும் என்றால் அது உங்களுக்குரியதல்ல. மூடிய பிறகு குழல் ஆடக்கூடாது. அடித்துப் பார்க்க இடமிருந்தால், மூட்டு வாயில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்து ரவை போட்டு அடியுங்கள். கடதாசி துள்ளினால் காற்று ஒழுகுகிறது. பத்து மீற்றரில் தாங்கி வைத்து ஐந்து ரவை அடியுங்கள். ஐந்தும் தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்குள் விழாவிட்டால் வேறொன்றைக் கேளுங்கள். ரவை இல்லாமல் வெறுமனே அடித்துக் காட்டும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள், அது ஸ்பிரிங்கைக் கெடுக்கும். ஸ்பிரிங்கும் வாசரும் பிறகு எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் மலை மூட்டத்துக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பாவித்த பிறகு வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

நாலாம் கேள்வி: எங்கே வைப்பீர்கள், யார் தொடுவார்கள்?

இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. நம் லயத்தில் ஒரு காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிறோம். பூட்டி வைக்க அலுமாரி எத்தனை வீட்டில் இருக்கிறது? என் பள்ளிக்கூடத்தில் தரம் 7இல் ஒரு பையன் இருந்தான். பக்கத்து வீட்டு அண்ணன் விளையாட்டுக்கு அடித்தது கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. இப்போது அவன் முன்வாங்கில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பித்தான் கரும்பலகையைப் பார்க்கிறான். அடித்த பிள்ளை கெட்டவனல்ல. "சும்மா காத்துத்தானே" என்று நினைத்தான்.

சும்மா காற்றல்ல. குறி இருபது மீற்றர் என்றாலும் ரவை நூறு மீற்றரையும் தாண்டிப் பறக்கும். கொழுந்து மலையில் இடுப்பளவு செடிக்குள் நிற்கும் பெண்ணை நீங்கள் காணமாட்டீர்கள். ஆகவே பின்னால் மண்மேடு இல்லாத பக்கம் அடிக்காதீர்கள். மரத்தின் மேலே வானத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். கல்லுக்கும் தகரத்துக்கும் தண்ணீருக்கும் அடிக்காதீர்கள். மடித்த குழலை ரவை போடும்போது ஒரு கையால் இறுக்கிப் பிடியுங்கள், விட்டால் விரல் போகும். ரவை போட்டபடி வைக்காதீர்கள். ரைபிள் ஒரு பூட்டில், ரவை வேறு இடத்தில். ரவை ஈயம், அது நஞ்சு. வாயில் கவ்வாதீர்கள், தொட்ட கையைக் கழுவாமல் சோறு பிசையாதீர்கள். குடித்திருக்கும் கை தொடவே கூடாது. இதைத் தாய்மார் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான். வீட்டுக்கு ஒன்று வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் பாத்தி போடும் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து, அனுமதி பெற்ற ஒருவர் பெயரில் ஒன்று போதும். அவர் மட்டுமே அதைத் தொட வேண்டும், அவர் வீட்டில்தான் அது பூட்டியிருக்க வேண்டும். எட்டுக் குடும்பம் பங்கு போட்டால் 37 நாள் ஐந்து நாளாகிவிடும். மிச்சக் காசில் வலை வாங்கலாம். காலையும் மாலையும் முறை வைத்துக் காவல் நிற்கலாம். குரங்குக்கு ரைபிளைவிட ஆள் முகத்துக்குத்தான் பயம். முறைக்காவல் இல்லாத இடத்தில் ரைபிளும் உதவாது.

கடைசியாக, உங்கள் கொப்பிகளை எனக்குக் கொண்டுவந்து தாருங்கள். பயிர்ச் சேதம் என்று போனால், காணி உறுதி எங்கே என்று நம்மிடம் கேட்கிறார்கள். இருநூறு வருஷம் இந்த மலையைக் காத்தவர்களில் அநேகம் பேரிடம் ஒரு பேர்ச் காணிக்கும் காகிதம் இல்லை என்பதுதான் இதன் அடியில் இருக்கும் பிரச்சினை. அம்பது கொப்பி சேர்ந்தால் அதை வைத்துப் பிரதேச செயலகத்திலும் நிர்வாகத்திடமும் பேசலாம்: வேலி வேண்டும், காவல் வேண்டும், நட்டஈட்டுப் பட்டியலில் நம் பெயரும் வேண்டும் என்று.

கை பிடித்துக் கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில். மகனிடம் சொல்லுங்கள், முதலில் ஒரு கொப்பி வாங்கச் சொல்லி. ரைபிளை ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம்.