தாய் தந்த இரத்தமும் வளர்ந்த வீடும்



மனநோய் பற்றிப் பேச விழா மேடை ஏற்றதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவர்கள் இருக்கும்போது வேறு எங்கே பேசுவது?

மகனுக்கு மனம் பேதலித்தால் உறவினர் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "யார் வழியில் வந்தது?" என்பது ஒன்று, "எப்படி வளர்த்தாய்?" என்பது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழும். படித்தவர்களும் இப்பிழையைச் செய்தார்கள். 1948-இல் ஃபிரீடா ஃபிரொம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், 'மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய்' என்றே எழுதினார். எத்தனை தாய்மாரை அச்சொல் வாட்டியிருக்கும்!

பின்லாந்து நாட்டில் பெக்கா தியெனாரி என்பவர் உண்மையை அறிய ஒரு வழி கண்டார். 1960 முதல் 1979 வரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட ஏறக்குறைய 20,000 பெண்களின் பதிவேடுகளைப் புரட்டி, தம் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்ட நோயாளித் தாய்மாரைத் தேடினார். அக்குழந்தைக்கு ஜீன் என்னும் பரம்பரைக் கூறு ஒரு வீட்டினது. வளர்ப்பு வேறு வீட்டினது. எது எதனால் என்று பிரித்துப் பார்க்கலாம் அல்லவா? அத்தகைய 145 பேரையும், அந்நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து தத்துப் போன 158 பேரையும் பல்லாண்டுகள் கவனித்தார்கள். வளர்த்த வீடுகளுக்கே சென்று, பேச்சு தெளிவாக இருக்கிறதா, ஓயாத சண்டையா, குறைகூறலா என்று பார்த்தார்கள்.

முடிவு 2004-இல் வெளிவந்தது. நோயுள்ள தாயின் பிள்ளைகள் சீர்குலைந்த வீட்டில் வளர்ந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேருக்கு அந்நோயோ அதன் இனத்தைச் சேர்ந்த கோளாறோ வந்தது. அத்தகைய பிள்ளைகளே அமைதியான வீட்டில் வளர்ந்தபோது ஏறத்தாழ 6 பேருக்குத்தான் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கோ, வீடு எப்படி இருந்தாலும் 5 பேர் அளவே.

இதைக் கேட்டு, "அப்படியானால் வளர்த்தவள் குற்றமே" என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல வீட்டில் வளர்ந்தும் நோயுற்ற அந்த 6 பேரின் பெற்றோர் என்ன தவறு செய்தார்கள்? கலங்கிய பிள்ளையே வீட்டைக் கலக்கிவிடுவதும் உண்டு. ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதி வாய்ப்புத்தான்.

பெண் கொடுக்கத் தயங்கி, "அந்தக் குடும்பத்தில் ஒருவன் அப்படி" என்று விலகுகிறவர்கள், அமைதியான வீடுகளில் நோயின்றி வளர்ந்த 94 பேரையும் எண்ணிப் பார்க்கட்டும். வந்துவிட்ட நோய்க்கோ மருந்து உண்டு. மறைத்து வைக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்தபின் பள்ளித் தாழ்வாரத்தில் இருப்பேன். தனியே கேட்க விரும்பும் தாய்மார் தயங்காமல் வரலாம்.