சொந்த லாரியும் சொந்தச் சங்கமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பொதுநிலையினர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'உழைப்பும் கூட்டுறவும்' என்பது. தலைப்பு மிகப் பெரியது; நேரமோ சிறியது. நமது பங்கிலே ஒரு வண்டி, இரண்டு வண்டி வாங்கித் தாமே ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், லாரிக்காரரைப் பற்றி மட்டும் பேசுவதென்று முடிவு செய்துகொண்டேன். மற்றத் தொழிலாளத் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்துக்கு லாரித் தொழில் புதிதல்ல. நம் பக்கத்து டாங்கர் லாரியும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் போகாத மாநிலம் இல்லை. வண்டியின் நெற்றியிலே 'வேளாங்கண்ணி மாதா துணை' என்று எழுதியிருக்கிறோம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் உண்மையில் எதற்குச் சொந்தக்காரர் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். வண்டி பைனான்சுக்காரரின் அடமானத்தில் இருக்கிறது. லோடு புரோக்கரின் கையில் இருக்கிறது. வாடகையைச் சொல்பவர் வேறொருவர். அவருக்கென்று முழுச் சொந்தமாக இருப்பவை தூக்கமில்லாத இரவும், டயர்ச் செலவுந்தான்.

ஒரு நடையின் கதையை எடுத்துக்கொள்வோம். சரக்கு ஏற்றுமுன் டீசல் போட வேண்டும். சுங்கச்சாவடிப் பணம், 2021 பிப்ரவரியிலிருந்து, பாஸ்டாக் கணக்கில் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழிச்செலவு, கிளீனர் படி எல்லாம் கையிலிருந்து போகும். இறக்கிய ஊரிலே திரும்பி வர லோடு கிடைக்காமல் இரண்டு நாள், மூன்று நாள் லாரிப் பேட்டையில் படுத்திருக்க வேண்டும். (திராட்சைத் தோட்ட உவமையில் பதினோராம் மணிவரை கடைத்தெருவில் நின்றவர்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேட்டைதான் நினைவுக்கு வருகிறது. அவர்களும் சோம்பேறிகள் அல்லர். கூப்பிட ஆள் இல்லை.) கடைசியில் கையெழுத்தான ரசீதைக் கொண்டுவந்து கொடுத்து, பாக்கி வாடகைக்காக நடக்க வேண்டும். பைனான்ஸ் டியூ மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கும்.

புரோக்கரைத் திட்டுவது சுலபம். அவர் செய்கிற வேலையை நாம் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் கடினம். கம்பெனிக்காரர் பில் கொடுத்து 30 நாளோ 45 நாளோ கழித்துத்தான் பணம் தருவார். லாரிக்காரருக்கோ இன்றைக்கே டீசலுக்குப் பணம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் புக்கிங் ஆபீசும் புரோக்கரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சரக்கு எங்கே இருக்கிறது என்ற செய்தியும், பணம் வரும்வரை பொறுத்திருக்கும் சக்தியும் அவர்களிடம் உண்டு. இவ்விரண்டும் இல்லாமல் சங்கம் தொடங்கினால், பலகை மட்டும் மிஞ்சும்.

திருச்சபை இதையெல்லாம் அறியாமல் இல்லை. 1891ஆம் ஆண்டிலே பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் சங்கம் சேருவது அவர்களது இயற்கை உரிமை என்று சுற்றுமடல் எழுதினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நமது திருத்தந்தை பதினான்காம் லியோ, முக்கியமாக அந்தச் சிங்கராயரை நினைத்தே அப்பெயரை ஏற்றதாகச் சொன்னார். 1961இல் இருபத்து மூன்றாம் அருளப்பர் எழுதிய மடல் நமக்கு இன்னும் நெருக்கமானது. சிறு உழவரும் கைவினைஞரும் தங்கள் சொந்தத் தொழிலை விடாமலே கூட்டுறவில் இணைய வேண்டும் என்றும், அரசு அவர்களுக்குக் கல்வியிலும் வரியிலும் கடனிலும் துணை நிற்க வேண்டும் என்றும் அதில் விளக்கினார். லாரியை ஓட்டுபவரே அதன் உரிமையாளராக இருக்கும் நம் தொழிலுக்கு இது அப்படியே பொருந்தும்.

கடற்கரையில் நம்மவர்கள் செய்து காட்டியதையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாடு என்ற மீனவர் ஊர். அங்கும் கடன் கொடுத்த தரகர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கும் நிலை இருந்தது. மீனவர்கள் தமது சங்கத்தின் மூலமே கரையில் ஏலம் விட்டார்கள். விற்ற பணத்திலேயே கடனுக்கு ஒரு பங்கும், சேமிப்புக்கு ஒரு பங்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். விற்பனை, கடன், சேமிப்பு மூன்றும் ஒரே கணக்கில் இருந்ததுதான் அதன் சூட்சுமம். இத்தகைய ஊர்ச் சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கன்னியாகுமரிக் கரையிலும் பரவின. மீன் ஏலப் பணம் இருந்த இடத்தில் நம் வாடகைப் பணத்தை வைத்துப் பாருங்கள்.

எச்சரிக்கையாக வேறொன்றையும் சொல்லுகிறேன். இமாசலப் பிரதேசத்திலே பர்மானா, தார்லாகாட் என்னும் இரண்டு ஊர்களில் சிமெண்டு ஆலைகள் உண்டு. அவற்றைச் சுற்றி லாரி உரிமையாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வலுவாக வளர்ந்தன. 2022 டிசம்பரில் வாடகைத் தகராறு மூண்டு, கம்பெனி இரண்டு ஆலைகளையும் மூடிவிட்டது. 67 நாள் பல ஆயிரம் வண்டிகள் நின்றன. 2023 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாடு, டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 6 சக்கர வண்டிக்கு 10 ரூபாய் 30 காசு, பெரிய மல்டி ஆக்சில் வண்டிக்கு 9 ரூபாய் 30 காசு. அது முன்பிருந்ததைவிடக் குறைவு. சங்கம் பலவீனமானதால் இப்படி ஆகவில்லை. ஒரே வாசலை நம்பியிருந்ததால் ஆயிற்று. பஞ்சாபிலோ, வெளி வண்டியை ஏற்றவிடாமல் தடுத்து வாடகை நிர்ணயித்த யூனியன்களை 2017இல் அரசே விதி போட்டுத் தடுத்தது. அயலான் வண்டியை மறிப்பது கூட்டுறவு ஆகாது; அது புதிய புரோக்கர்தனம்.

சரி, நமக்கு எவ்வளவு பணம் வேண்டும்? கணக்குக்காக, 20 வண்டிகள், மாதம் 4 நடை, நடைக்கு 60,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 48 லட்சம் ஆகிறது. பணம் 45 நாள் கழித்து வந்தால், எந்நேரமும் 72 லட்சம் வெளியே நிற்கும். ஆளுக்கு 50,000 பங்குத்தொகை போட்டாலும் நம் கையில் 10 லட்சந்தான்! ஆகவே பெரிய கம்பெனிக் காண்டிராக்டை முதல் நாளே பிடிப்போம் என்று யாராவது முழங்கினால் நம்ப வேண்டாம். சரக்கு இறங்கியவுடன் வாடகை கொடுக்கும் 'டு-பே' லோடுகளையும், பெரும்பகுதியை முன்பணமாகத் தரும் உள்ளூர் வியாபாரிகளையும் கொண்டு தொடங்கலாம். வண்டிக்கு மாதம் 2 நடை சங்கத்தின் மூலம், மற்ற 2 நடை பழையபடியே என்று இருக்கட்டும். நூற்றுக்கு 5 என்று கமிஷன் வைத்தாலும், அந்த 40 நடைக்கு மாதம் 1,20,000 ரூபாய் சங்கத்திலே தங்கும். அதில் ஒரு கணக்கர் சம்பளம், ஒரு போன், ஒரு அறை வாடகை போக மிச்சம் இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. சங்கத்தை 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிய வேண்டும். சங்கத்தின் பெயரில் லாரி ரசீது எழுதத் தொடங்கினால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவும் வேண்டும். சரக்கு சேதமானால் சங்கமே பொறுப்பு. ஜி.எஸ்.டி. கணக்கும் சங்கத்தின் தலையில் வரும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். புக்கிங் ஆபீஸ்காரர் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்!

எனக்கு உண்மையிலே கவலை தருவது வேறு. 5 வண்டிக்காரருக்கும் ஒரே வோட்டு, ஒரே வண்டிக்காரருக்கும் ஒரே வோட்டு என்பதை நம்மவர்கள் மனதார ஏற்பார்களா? லோடு வரிசையைச் செயலாளரின் மைத்துனனுக்காக மாற்றாமல் இருப்பார்களா? வரிசை எண் எல்லோரும் காணும்படி பலகையில் எழுதப்பட வேண்டும். நல்ல லோடு வருமென்று வந்த லோடைத் தள்ளுபவர் கடைசிக்குப் போக வேண்டும். கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தினரின் மனைவியும் வந்து பார்க்கலாம் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. டியூ கட்டாத மாதத்தின் சூடு முதலில் அடுப்படியில்தானே தெரிகிறது.

பங்குத்தந்தை அவர்கள் அனுமதி தந்திருப்பதால், வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவோம். பணம் எதுவும் வசூலிக்கப்போவதில்லை. ஒவ்வொருவரும் கடைசிப் பத்து நடைகளை ஒரு நோட்டிலே எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கே ஏற்றினீர்கள், எங்கே இறக்கினீர்கள், வாடகை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, பாக்கி எத்தனை நாளில் வந்தது, எத்தனை நாள் சும்மா நின்றீர்கள் என்று எழுதினால் போதும். மற்ற மதச் சகோதரர்களான லாரிக்காரர்களையும் கூட்டி வாருங்கள், லோடுக்கு மதமில்லை. வெளியூர் நடையில் இருப்பவர்களுக்காக வீட்டுப் பெண்கள் அந்த நோட்டைக் கொண்டுவரலாம்.