சொந்தப் பெயரில் ஒப்பந்தம்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் திருகோணமலையில் இருந்து வருகிறேன். 1957 வரை பிரித்தானியக் கடற்படைக்குத் தளமாக இருந்த துறைமுகம் அது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களும் அந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. மேசன் வேலை, பெயின்ட் வேலை, துப்புரவு, சமையல் எல்லாம் கைவந்தவர்கள். ஆனாலும் அரசாங்க வேலை ஒன்று வந்தால் ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில் இருக்கும், நம்மவர் பலருக்கு நாட்சம்பளம்தான். அந்தக் காலத்துக் கங்காணி ஆள் கணக்குக்குக் காசு வாங்கினாரே, அந்த மாதிரித்தான்.

நமக்குத் தொழில் தெரியாதா? தெரியும். கையில் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

என்னென்ன காகிதம் வேணும்? மூதூரோ, கிண்ணியாவோ, நுவரெலியாவோ, வழி ஒன்றுதான்.

முதலாவது, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். தொழில் நடக்கும் இடத்துக்கும் அத்தாட்சி கேட்பார்கள். லயத்தில் இருக்கிறவருக்குக் காணி உறுதி ஏது? தோட்ட நிருவாகத்தின் கடிதத்தை ஏற்பார்களா என்று முதலிலேயே போய் விசாரியுங்கள்.

இரண்டாவது, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கு.

மூன்றாவது, வழங்குநர் பதிவு. வருட முடிவில் பிரதேச சபைகளும் திணைக்களங்களும் அடுத்த வருடத்துக்கான வழங்குநர்களைப் பதியச் சொல்லிப் பத்திரிகையில் அறிவித்தல் போடும். காகிதாதிகள், உணவு, வாகனம், துப்புரவு என்று வகை வகையாக இருக்கும். நம்மால் முடிந்த வகைக்குக் கட்டணம் கட்டிப் பதியலாம். அடுத்த வருடம் திரும்பவும் பதிய வேண்டும்.

கட்டட வேலை, ரோட்டு வேலை என்றால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவும் தரமும் கேட்பார்கள். பழையவர்கள் இக்டாட் என்பார்களே, 2014ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு அதுதான் இது. 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அரசாங்க ஒப்பந்தத்துக்கு, 1987ஆம் ஆண்டின் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். அது பிறகு பார்க்கலாம். சின்னதில் தொடங்குவோம்.

தனியாளாக ஏலாதென்றால் சங்கமாகச் சேருங்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்கின்றன.

இந்தியாவில் மத்திய அரசு வாங்கும் பொருட்களில் 25 வீதத்தைச் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டுமென்று 2018இல் விதித்தார்கள். அதில் 3 வீதம் பெண்களுக்கு. அங்கேயும் பதிவில்லாதவருக்கு அந்தப் பங்கு கிடைக்காது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? முன்பெல்லாம் பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்த வழி திறந்திருக்கிறது. நாளைக்கு உங்கள் லயத்துக்கு ரோடு போட வருகிறவர் யார்? வெளியாள் ஒப்பந்தம் எடுத்து, உங்கள் பிள்ளையையே கூலிக்குக் கூப்பிடப் போகிறாரா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கேள்விப்பத்திரத்தில் நேரம் குறித்திருந்தால் குறித்ததுதான், பிந்தினால் ஏற்க மாட்டார்கள். வேலை கிடைக்க வேண்டுமென்று அடக்க விலைக்குக் கீழே எழுதாதீர்கள். பில் காசு வரச் சுணங்கும், அதை நம்பி வட்டிக்கு வாங்கினால் வீடு தாங்காது.

இந்த வருடக் கடைசியில் பத்திரிகையைப் புரட்டுங்கள். வீட்டில் படித்த பிள்ளையை விட்டு அந்த அறிவித்தலை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.